இளையராஜா: ‘அன்னக்கிளி’யில் தொடங்கி ஒன்றுவிடாமல் வரிசையாகக் கேட்பது எப்படி?

#1 புதுச்செவி

தலைப்பில் இருப்பதுதான் கேள்வி. முதல் படத்தில் ஆரம்பித்து, வந்த வரிசையில், ஒன்றுவிடாமல் கேட்க வேண்டும். ஸ்ட்ரீமிங் ஆப்பில் பெயரைப் போட்டால் ஹிட் தொகுப்புகள்தான் முன்னால் வந்து நிற்கின்றன. ஆண்டு வாரியாக அடுக்கச் சொன்னால் 1980 படம் 2014-க்குக் கீழே கிடக்கிறது. பட்டியலை எங்கிருந்து எடுப்பது? ஒரு நாளைக்கு எவ்வளவு கேட்பது? தெலுங்கு, கன்னடம், மலையாளமும் கணக்கில் உண்டா?

#2 ஊசிமுனை

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். ஆயிரத்துக்கு மேல் படம், ஏழாயிரத்துக்கு மேல் பாட்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. பாட்டுக்கு நாலரை நிமிடம் வைத்தால் 31,500 நிமிடம், அதாவது 525 மணி நேரம். தினம் 45 நிமிடம் ஒதுக்கினால் 700 நாள். இதுவே ஒவ்வொரு பாட்டையும் ஒரே ஒரு தடவை கேட்பதற்கான கணக்கு.

பாதையில் மூன்று மைல்கல் உண்டு. 100-ஆவது படம் ‘மூடுபனி’ (1980 நவம்பர்), 500-ஆவது ‘அஞ்சலி’ (1990 ஜூலை), 1000-ஆவது ‘தாரை தப்பட்டை’ (2016 ஜனவரி). ‘அன்னக்கிளி’ வந்தது 1976 மே. நடு இடைவெளியைப் பாருங்கள்: பத்து வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, 400 படம். ஏறக்குறைய ஒன்பது நாளைக்கு ஒன்று. இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள் மூச்சு வாங்குவது 1983, 84 பக்கம்தான். அங்கே ஒரு நாளைக்கு இரண்டு படம் என்று வைத்தாலும் இந்த 400-க்கு மட்டும் 200 நாள் போகும்.

அதனால் ‘ஒன்றுவிடாமல்’ என்ற சொல்லுக்கு முதலிலேயே வேலி போட்டுவிடுங்கள். படப் பாடல்கள் மட்டுமா? ‘ஹவ் டு நேம் இட்’ (1986), ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த ‘நத்திங் பட் விண்ட்’ (1988), ‘திருவாசகம்’ (2005), ரமண மாலை போன்ற பக்திப் பாடல்கள் உண்டா? பின்னணி இசை உண்டா? வேலி எங்கே நின்றாலும் சரி, பாதி வழியில் நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் பின்னால் போய் நூறு படத்தை மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

#3 மோனோமட்டும்

1993-இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக்கோடு பதிவான சிம்பொனி வெளியாகவே இல்லை. அதற்கு ஒரு காலிக் கட்டம் விட்டுவைத்து வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அடித்துவிடுங்கள். 2025 மார்ச்சில் லண்டனில் அரங்கேறிய ‘வேலியன்ட்’ வேறு படைப்பு. இரண்டையும் ஒரே வரியில் எழுதிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

#4 கேசட்பெட்டி

பட்டியல் பற்றி. ஆப்பில் காட்டும் ஆண்டு பெரும்பாலும் கம்பெனி அந்தப் பாட்டை ஏற்றிய ஆண்டு அல்லது உரிமை கைமாறிய ஆண்டு. அதை நம்பி அடுக்கவே கூடாது. நம்பத் தகுந்தவை மூன்று:

ஒன்று, படம் தொடங்கும்போது வரும் தணிக்கைச் சான்றிதழ். தேதியும் ரீல் எண்ணிக்கையும் அதிலேயே இருக்கும். ஆனால் அது தணிக்கை முடிந்த தேதி, படம் வந்த தேதி இல்லை. இரண்டு, ரிலீஸ் அன்றைக்கு வந்த நாளிதழ் விளம்பரம். மூன்று, ரெக்கார்டின் நடு வட்டத்தில் வட்டத்துக்குள் ‘பி’ எழுத்துப் போட்டு அச்சடித்திருக்கும் ஆண்டு. பிற்பாடு வந்த சிடியில் அதே குறிக்குப் பக்கத்தில் மறுவெளியீட்டு ஆண்டைப் போட்டிருப்பார்கள், பார்த்து எடுக்கவும்.

ஃபோல்டர் பெயரில் முதலில் தேதி, பிறகு படம்: ‘1978-08-10 கிழக்கே போகும் ரயில்’, ‘1978-08-15 முள்ளும் மலரும்’, ‘1978-10-28 சிகப்பு ரோஜாக்கள்’. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினி தானாகவே அடுக்கிக்கொடுக்கும். நாள் தெரியாத படத்துக்கு 1978-08-00 போடுங்கள், அந்த மாதத்தின் தலையில் போய் உட்காரும். மேலே உள்ள முதல் இரண்டு படத்துக்கும் ஐந்தே நாள் இடைவெளி என்பதை இப்படி அடுக்கினால்தான் கண் பிடிக்கும். ஹிட் தொகுப்பில் கேட்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

பெயர் ஒன்றாக இருக்கும் படங்கள் தனித் தலைவலி. ‘குரு’ என்று தேடினால் 1980 தமிழ், 1997 மலையாளம் இரண்டும் ராஜா. 2007 இந்தி ரஹ்மான். ‘விக்ரம்’ 1986 ராஜா, 2022 அனிருத். ‘தர்மதுரை’ 1991 ராஜா, 2016 யுவன். ஆப் இவற்றை ஒரே இடத்தில் கொட்டிவைக்கும். ஆண்டு இல்லாமல் பெயரை மட்டும் எழுதவே எழுதாதீர்கள்.

#5 சரணம்2

ஒரே நாளில் இரண்டு படம் வந்தால்? 1991 தீபாவளிக்கு ‘தளபதி’, ‘குணா’ இரண்டுமே வந்தன.

#6 கேசட்பெட்டி

அகர வரிசையில் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். பண்டிகை ரிலீஸில் முன்பின் தேடுவது வீண் வேலை. இன்னொன்று: ‘மூடுபனி’ 100-ஆவது படம் என்று ஊசிமுனை சொன்னாரே, அதே 1980 தீபாவளியன்று ‘நிழல்கள்’ படமும் வந்தது. எது 100, எது 101 என்பது எண்ணுகிறவர் கையில். தயாரிப்பாளர் சொல்லும் வரிசை எண்ணும் திரைக்கு வந்த வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் ஃபோல்டரில் எண் போடாதீர்கள், தேதி மட்டும் போதும். நடுவில் விட்டுப்போன ஒரு படம் கிடைத்தால் எண் போட்டவர்கள் மொத்தத்தையும் மாற்றியாக வேண்டும்.

#7 அரைச்சுருதி

பிறமொழி பற்றி யாரும் பேசவில்லையே. அதை விட்டால் இந்த முயற்சிக்கே பொருள் இல்லை என்பேன்.

ஒரு மெட்டைப் பின்தொடர்ந்து பாருங்கள். 1981-இல் கன்னட ‘கீதா’வில் ‘ஜொதெயலி’. 1984-இல் தமிழில் ‘நூறாவது நாள்’ படத்தில் ‘விழியிலே மணி விழியில்’. 2007-இல் இந்தி ‘சீனி கம்’ படத்தில் ‘ஜானே தோ நா’. தமிழை மட்டும் வரிசையாகக் கேட்கிறவர் 1984-இல் வரும் மெட்டைப் புதுசு என்று குறித்துக்கொள்வார். மூன்று வருஷப் பழசு அது.

இன்னொரு மெட்டு இதைவிட வில்லங்கம். 1982-இல் மலையாள ‘ஓளங்கள்’ படத்தில் ‘தும்பி வா’. அதே ஆண்டு தமிழில் ‘சங்கத்தில் பாடாத கவிதை’. பிறகு தெலுங்கு ‘நிரீக்ஷண’, கடைசியில் 2009-இல் இந்தி ‘பா’. இதில் தமிழ்ப் பாட்டு இருக்கும் ‘ஆட்டோ ராஜா’வின் இசை யார்? சங்கர் கணேஷ். அந்த ஒரு பாட்டு மட்டும் ராஜா. படத்தின் இசையமைப்பாளர் பெயரை வைத்துப் பட்டியல் எடுத்தீர்கள் என்றால் அந்தப் பாட்டு கையிலேயே சிக்காது. இப்படி விருந்தாளியாகப் போன பாட்டுகளுக்குத் தனியாக ஒரு தாள் வையுங்கள்.

டப்பிங் படங்களுக்கு விதி வேறு. ‘கீதாஞ்சலி’ (1989) தெலுங்கில் எஸ்.பி.பி., அதே பாட்டுகள் ‘இதயத்தைத் திருடாதே’யில் மனோ. வாத்தியம் அதே வாத்தியம், குரலும் வரியும்தான் வேறு. அங்கே மூலத்தை முழுசாகவும், டப்பிங்கில் படத்துக்கு ஒரு பாட்டும் கேட்டால் போதும். ஆனால் மெட்டு மட்டும் ஒன்றாக இருந்து வாத்திய அமைப்பு புதிதாக எழுதப்பட்டிருந்தால் அது தனிப் பாட்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க இடையிசையைக் கேளுங்கள். பல்லவி ஒன்றாக இருக்கும், முதல் இடையிசை வந்ததும் குட்டு உடைந்துவிடும்.

#8 மோனோமட்டும்

கூட்டு இசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘மெல்லத் திறந்தது கதவு’ (1986) எம்.எஸ்.வி.யும் ராஜாவும் சேர்ந்து செய்தது. அதில் வரும் ‘குழலூதும் கண்ணனுக்கு’ ‘சீனி கம்’மில் மறுபடி வருகிறது. அதை யார் கணக்கில் எழுதுவது என்று சண்டை போடாமல் ‘கூட்டு’ என்று ஒரு பத்தி திறந்து எழுதுங்கள்.

#9 புதுச்செவி

நன்றி. பட்டியல் விஷயம் புரிந்தது. அடுத்த சிக்கல்: ஒரே பாட்டு ஆப்பில் 4:30, யூடியூபில் 4:19, கேசட்டில் இருந்து மாற்றிய கோப்பில் 4:22. எது சரி?

#10 ஊசிமுனை

ஒரு நிமிடம் வெட்டியிருந்தால் கவலைப்படலாம். 11 விநாடி குறைகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வேகத்தை.

தொலைக்காட்சியிலும் விசிடியிலும் இந்தியாவில் ‘பால்’ (PAL) என்ற வீடியோ முறை. சினிமா விநாடிக்கு 24 சட்டகம், பால் 25. பல பிரதிகளில் 24-ஐ 25 ஆக ஓட்டிவிடுவார்கள். வேகம் 4.17 சதவீதம் ஏறும். 270 விநாடிப் பாட்டு 259 விநாடியாகச் சுருங்கும். உங்கள் 4:19 அதுதான். சுருதியும் கூடவே முக்கால் அரைஸ்வரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கும். ஜானகி குரல் வழக்கத்தைவிடச் சின்னப் பெண் குரலாகக் கேட்டால் இதைச் சந்தேகப்படலாம்.

4:22 என்பது ஏறக்குறைய 3 சதவீதம். கேசட் டெக்கின் மோட்டார் வேகமாக ஓடியிருக்கிறது, அல்லது கேசட் பதிவான இடத்திலேயே வேகம் தப்பியிருக்கிறது. 6 சதவீதம் ஏறினால் முழு அரைஸ்வரம், 3 என்றால் பாதி. பாதி அரைஸ்வரம்தான் ஆபத்து. காது ‘ஏதோ சரியில்லை’ என்று மட்டும் சொல்லும், என்னவென்று சொல்லாது.

கண்டுபிடிக்கும் வழி: பாட்டில் கீபோர்டு, பியானோ, வைப்ரஃபோன் மாதிரி சுருதி மாறாத வாத்தியம் தனியாக வரும் இடத்தைப் பிடியுங்கள். போனில் ட்யூனர் ஆப்பைத் திறந்து காட்டுங்கள். முள் எல்லா ஸ்வரத்திலும் ஒரே அளவு தள்ளி நின்றால் வேகக் கோளாறு. பாட்டின் தொடக்கத்தில் ஒரு அளவும் முடிவில் வேறு அளவும் காட்டினால் நாடா இழுபடுகிறது. அதைச் சரிசெய்ய மெனக்கெடாதீர்கள், வேறு பிரதி தேடுங்கள்.

சரிசெய்ய: ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் பாட்டைத் திறந்து முழுசாகத் தேர்ந்தெடுத்து, வேகத்தை மாற்றும் எஃபெக்டில் 0.96 கொடுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் எஃபெக்டும் வேகத்தை மட்டும் மாற்றும் எஃபெக்டும் பக்கத்திலேயே இருக்கும், அவற்றைத் தொட வேண்டாம். இரண்டும் சேர்ந்து ஏறியது, சேர்ந்தேதான் இறங்க வேண்டும். சில வீடியோக்களில் சுருதியை ஏற்கெனவே சரிசெய்து போட்டிருப்பார்கள். அதனால் அளந்து பார்க்காமல் எல்லாக் கோப்புக்கும் 0.96 கொடுத்துத் தள்ளாதீர்கள்.

#11 கேசட்பெட்டி

சொந்தக் கேசட்டில் இருந்து மாற்றுகிறவர்களுக்கு மூன்று வரி.

டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டுக்குப் பக்கத்தில் சுருள்வில் மாட்டிய சின்ன ஸ்க்ரூ இருக்கும். பாட்டு ஓடும்போதே அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். ‘ச’, ‘ஸ்’ ஓசையும் தாளத்தின் ‘சிங்’ ஓசையும் எங்கே பளிச்சென்று திறக்கிறதோ அங்கே விடுங்கள். இரண்டு சானலையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்டுக்கொண்டே திருப்பினால் எளிதில் பிடிபடும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இது கொஞ்சம் மாறும். ரப்பர் உருளையை ஐசோபுரோபில் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்காமல் பழைய நாடாவைப் போட்டால் சிக்கிக்கொள்ளும்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவதெல்லாம் பெருமைக்கு. அந்தக் காலத்து வணிகக் கேசட்டில் மேல் அதிர்வெண் அவ்வளவு தூரம் போவதே இல்லை. 16 பிட், 44.1 தாராளம். தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாக வைத்தால் பாட்டுக்குச் சுமார் 28 எம்பி, ஏழாயிரத்துக்கு 200 ஜிபி. 320 எம்பி3 என்றால் 75 ஜிபி.

#12 மோனோமட்டும்

ஆப்பில் கேட்கிறவர்களுக்கு வேறு தொல்லை: போலி ஸ்டீரியோ. தமிழில் ஸ்டீரியோ என்று பேசத் தொடங்கியது 1978 டிசம்பரில் வந்த ‘ப்ரியா’வில் இருந்து. அதற்கு முந்தியதெல்லாம் ஆப்பில் ‘ஸ்டீரியோ’ என்று வந்தால் எதிரொலி சேர்த்தோ, புதிதாக டிரம்ஸ் ஒட்டியோ மெருகேற்றியது என்று வைத்துக்கொள்ளலாம்.

சோதனை செய்ய ஒரு நிமிடம் போதும். ஆடாசிட்டியில் ஸ்டீரியோ டிராக்கை இரண்டு மோனோவாகப் பிரியுங்கள். ஒன்றை மட்டும் தலைகீழாக்குங்கள். இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். முழு அமைதி என்றால் மோனோ, போலி ஸ்டீரியோ ஆக்காதது. கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி எதிரொலி மட்டும் மிஞ்சினால் போலி. குரல் மறைந்து, சில வாத்தியங்கள் மட்டும் தெளிவாக மிஞ்சினால் உண்மையான ஸ்டீரியோ. போலியை விட்டுவிட்டு எச்.எம்.வி., இன்ரெகோ காலத்து ரெக்கார்டில் இருந்து எடுத்த பிரதியைத் தேடுங்கள். கீறல் சத்தம் இருந்தாலும் பரவாயில்லை. அவர் எழுதிய தபலா அதில் தபலாவாகவே இருக்கும்.

ஆனால் ஒன்று. 45 ஆர்.பி.எம். வேகத்தில் ஓடும் சின்ன ரெக்கார்டான இ.பி.யில் பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம்தான் கொள்ளும். அதற்குள் இரண்டு பாட்டை அடக்க, நீளப் பாட்டில் ஒரு சரணத்தையோ இடையிசையையோ வெட்டியிருக்கலாம். பெரிய ரெக்கார்டான எல்.பி.யும் கேசட்டும் கிடைத்தால் ஒப்பிட்டுவிட்டு நீளமானதை வையுங்கள்.

#13 தவில்மேடை

எல்லாம் சரி சார். ஆனால் ஒன்பது நாளைக்கு ஒரு படம் போட்ட காலத்தில் பாதி அவசரத்தில் செய்த வேலை. அதையெல்லாம் உட்கார்ந்து கேட்பது எதற்கு? நல்ல 150 படத்தைப் பொறுக்கி எடுத்து வரிசையாகக் கேட்டால் ஆகாதா?

#14 அரைச்சுருதி

ஆகும். ஆனால் அதற்குப் பெயர் வேறு.

பொறுக்கி எடுத்த 150-இல் எல்லாமே முடிந்த வேலை. ஒரு யோசனை அரைகுறையாக முதலில் எங்கே தலைகாட்டியது, அடுத்த படத்தில் என்ன மாறியது, எப்போது கனிந்தது என்பது ஓடாத படத்தில்தான் இருக்கிறது. ‘பேஸ் கிட்டார் எப்போது தாளத்தை விட்டு விலகித் தனி மெட்டாக நடக்க ஆரம்பித்தது’ என்று ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு 1978-இல் இருந்து 82 வரை ஒன்றுவிடாமல் வாருங்கள். மாற்றம் ஒரே பாட்டில் வந்திருக்காது; யாரும் பேர் சொல்லாத பத்துப் பதினைந்து படத்தில் ஒத்திகை நடந்திருக்கும். அவசர வேலை என்பதும் பாதி உண்மைதான். அவசரத்தில் செய்யும்போது மனிதன் எந்தப் பழக்கத்துக்குத் திரும்புகிறான் என்பதும் ஒரு செய்தி.

முழுசும் மலைப்பாக இருந்தால் துண்டு போடுங்கள், பொறுக்காதீர்கள். துண்டுக்கு நல்ல வரம்பு பாட்டாசிரியர்கள். வைரமுத்து ராஜாவோடு இருந்தது ‘நிழல்கள்’ (1980) தொடங்கி ‘புன்னகை மன்னன்’ (1986) வரை. ஆறே ஆண்டு, முதலும் முடிவும் தெளிவு. ‘அன்னக்கிளி’யின் பாட்டுகளைப் பஞ்சு அருணாசலம் எழுதினார், அவரைப் பின்தொடர்வது இன்னொரு பாதை. கண்ணதாசன் பாதை 1981 அக்டோபரில் அவர் மறைவோடு முடிந்து, ‘மூன்றாம் பிறை’யின் ‘கண்ணே கலைமானே’ அடுத்த ஆண்டு திரைக்கு வருகிறது. எழுதிய தேதிக்கும் வந்த தேதிக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஒரு பாட்டே காட்டிவிடும்.

#15 தவில்மேடை

துண்டு யோசனை எனக்குச் சரி. பொறுக்கல் பற்றிய கருத்தில் மாற்றம் இல்லை 🙂

#16 சரணம்2

கேட்கும் முறை பற்றி. வண்டி ஓட்டிக்கொண்டு கேட்டால் 700 நாள் முடியும், மனசில் எதுவும் நிற்காது. ஒரு படத்துக்கு ஐந்து பாட்டு என்றால் இப்படிச் செய்யலாம்:

முதல் தடவை நிறுத்தாமல் ஐந்தையும். குறிப்பு எழுதக் கூடாது. பிறகு ஐந்தில் ஒன்றை மட்டும் எடுத்து மறுபடி. அதற்கு மட்டும் நோட்டில் ஒரு வரி: முன்னிசையில் எந்த வாத்தியம், முதல் இடையிசையில் எது, இரண்டாவதில் எது, சரணங்களின் மெட்டு ஒன்றேயா வேறா. ராகம் தெரிந்தால் எழுதுங்கள், தெரியாவிட்டால் விடுங்கள். இணையத்தில் பார்த்து ராகப் பெயரை நிரப்புவது நோட்டை அழகாக்கும், காதுக்கு ஒன்றும் செய்யாது.

உதாரணத்துக்கு ‘தளபதி’யின் ‘ராக்கம்மா கையத் தட்டு’. தெருக் கூத்தும் கும்மாளமுமாகப் போகிற பாட்டின் நடுவே ‘குனித்த புருவமும்’ என்று அப்பர் தேவாரம் நுழைகிறது. நோட்டில் ‘தேவாரம் வருகிறது’ என்று எழுதினால் போதாது. தேவாரத்துக்குள் போகும் இடத்தில் எந்த வாத்தியம் நின்றது, திரும்பி வரும்போது எது முதலில் எழுந்தது என்று எழுதுங்கள். இதற்கு அந்த ஒரு நிமிடத்தை நாலைந்து தடவை ஓட்ட வேண்டியிருக்கும். அப்படிக் கேட்டவருக்கு அடுத்த படத்தின் திருப்பங்கள் தானாகவே காதில் விழும்.

ஆப்பில் செய்ய வேண்டியவை: பாட்டோடு பாட்டைக் கலக்கும் கிராஸ்ஃபேடை அணையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பாட்டின் முன்னிசை இந்தப் பாட்டின் வாலில் கரைந்துவிடும். ராஜா பாட்டில் முன்னிசை போனால் கால்வாசிப் பாட்டு போனது. பட்டியல் முடிந்ததும் தானாக ஓடும் வசதியையும் அணையுங்கள். ஆண்டுக்கு ஒரு பிளேலிஸ்ட் வையுங்கள். யூடியூபில் ஒரு பட்டியலுக்கு 5,000, ஸ்பாடிஃபையில் 10,000 என்று வரம்பு இருக்கிறது. ஒரே பட்டியலில் எல்லாவற்றையும் போட நினைத்தால் யூடியூபில் இடமே போதாது.

கேட்ட பாட்டைக் கணக்கு வைக்கும் லாஸ்ட்.எஃப்எம் தளத்தின் எண்ணிக்கையை நம்பி ‘கேட்டாயிற்று’ என்று அடிக்காதீர்கள். பாதிப் பாட்டு ஓடினாலே அது ஒன்று என்று எண்ணிவிடும்.

#17 ஊசிமுனை

ஒலி அளவையும் சொல்லிவிடுகிறேன். 1977 பிரதிக்கும் 2012 பிரதிக்கும் அளவு வித்தியாசம் காதைக் கிழிக்கும். சொந்தக் கோப்புகளுக்கு ஃபூபார் பிளேயரில், ஒலி அளவைச் சமப்படுத்தும் ரீப்ளேகெயின் ஓட்டுங்கள். ஒரு படத்தின் பாட்டுகள் ஒரே மூலத்தில் இருந்து வந்திருந்தால் ஆல்பம் அளவு. ஒரு பாட்டு கேசட், இன்னொன்று சிடி என்று கலந்திருந்தால் பாட்டு அளவு. இது குறிப்பை மட்டுமே எழுதும், பாட்டைத் தொடாது. அளவை நிரந்தரமாக ஏற்றிச் சேமிக்கும் மென்பொருள்களைத் தொட வேண்டாம்.

#18 புதுச்செவி

படத்தில் இருந்தும் ரெக்கார்டில் இல்லாதது, ரெக்கார்டில் இருந்தும் படத்தில் இல்லாதது இரண்டையும் எப்படி எழுதுவது?

#19 அரைச்சுருதி

ரெக்கார்டுதான் அடிப்படை. ‘தளபதி’யின் ‘புத்தம் புது பூ பூத்ததோ’ படத்தில் கிடையாது, ரெக்கார்டில் உண்டு. படத்தைப் பார்த்துப் பட்டியல் எடுத்தவர் அதைத் தவறவிடுவார். தலைகீழாக, கிராமத்துப் படங்களில் வரும் துண்டுப் பாட்டுகளும் டைட்டில் இசையும் பல நேரம் படத்தில் மட்டும்தான். ஒரே பாட்டுக்கு இரண்டு குரல் இருந்தால் இரண்டும் தனித்தனி வரி. ‘அன்னக்கிளி உன்னைத் தேடுதே’ ஜானகி குரலிலும் உண்டு, டி.எம்.எஸ். குரலிலும் உண்டு. முதல் படத்திலேயே இந்தச் சோதனை வந்துவிடுகிறது.

பின்னணி இசையை முழுசாக இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஐந்தாண்டுக்கு மூன்று படம் என்று வைத்து, அவற்றைப் படமாகவே பாருங்கள். வசனத்தை வெட்டி எடுத்த பிஜிஎம் தொகுப்பில் இசை எங்கே தொடங்குகிறது என்பது தெரியும், எங்கே பேசாமல் இருந்தது என்பது தெரியாது. அவருடைய பின்னணி இசையில் பாதி அந்தப் பேசாமல் இருந்ததுதான். புடாபெஸ்ட் வாத்தியக்குழுவோடு செய்த ‘ஹே ராம்’ (2000) இதற்கு நல்ல பாடம்.

#20 மோனோமட்டும்

இவ்வளவு பெரிய கடலில் குதிக்கும் முன் வாய்க்காலில் நீந்திப் பழக வேண்டுமானால் பீட்டில்ஸ். 1963-இல் இருந்து 70 வரை பிரிட்டிஷ் ஆல்பம் 12. ‘மேஜிக்கல் மிஸ்டரி டூர்’ சேர்த்தால் 13. ஆல்பத்தில் வராத சிங்கிள்களுக்கு ‘பாஸ்ட் மாஸ்டர்ஸ்’. மொத்தம் பத்து மணி நேரத்துச் சொச்சம், இரண்டு வாரத்தில் முடியும். அமெரிக்க ஆல்பங்களை எடுக்காதீர்கள், 1967-க்கு முன்னால் பாட்டு வரிசையே வேறு.

‘லெட் இட் பி’ வந்தது 1970 மே, ஆனால் பெரும்பகுதி பதிவானது 1969 ஜனவரி. அதற்குப் பிறகு பதிவான ‘அபே ரோட்’ 1969 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. வெளியான வரிசையில் ஒரு தடவை, பதிவான வரிசையில் ஒரு தடவை கடைசி இரண்டையும் மாற்றிக் கேளுங்கள். வரிசை மாறினால் கதையே மாறும் என்பது அங்கே புரியும். ராஜாவுக்குப் பதிவுத் தேதிகள் இப்படிக் கைக்கு எட்டும் அளவில் இல்லை, ஆகவே வெளியீட்டு வரிசைதான் கதி.

#21 சரணம்2

வாய்க்கால் தமிழிலேயே இருக்கிறது அண்ணே. 1976-இல் ராஜாவுக்கு நாலே படம்: ‘அன்னக்கிளி’, ‘பாலூட்டி வளர்த்த கிளி’, ‘உறவாடும் நெஞ்சம்’, ‘பத்ரகாளி’. ஒரு வாரத்துக்குப் போதும். இந்த நாலுக்கும் ஃபோல்டர் போட்டு, மோனோ சோதனை செய்து, நோட்டில் நாலு வரி எழுதிவிட்டால் மீதி ஆயிரத்துக்கும் அதே முறைதான். 77-இல் ‘கவிக்குயில்’ வரும்போது பாலமுரளிகிருஷ்ணா பாடிய ரீதிகௌளை ராகப் பாட்டை வேறு காதோடு கேட்பீர்கள்.

#22 புதுச்செவி

ஞாயிற்றுக்கிழமை நாலையும் எடுத்துவைக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: ‘பாண்டியன்’ (1992) ராஜா படம், ஆனால் ‘பாண்டியனின் ராஜ்ஜியத்தில்’ கார்த்திக் ராஜா போட்டது என்கிறார்கள். பட்டியலில் வைப்பதா, எடுப்பதா?

#23 கேசட்பெட்டி

வைத்துவிடுங்கள், பக்கத்தில் ‘கா.ரா.’ என்று எழுதி. படத்தோடு வந்த ரெக்கார்டில் இருக்கிற பாட்டை உருவி எடுத்தால் அந்த ஆல்பம் நாலு பாட்டா ஐந்து பாட்டா என்று அடுத்த வருஷம் நீங்களே குழம்புவீர்கள். ‘ஆட்டோ ராஜா’வுக்குப் போட்ட விருந்தாளித் தாளின் பின்பக்கம் காலிதானே, உள்ளே வந்த விருந்தாளிகளை அங்கே எழுதிக்கொள்ளுங்கள்.